சோமுவின் அம்மா எங்கே போனாள்?

இல்லை, 'சின்னப் பிள்ளைகளுக்கு என்ன தெரியப்போகிறது' என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மற்றதெல்லாம் சரி. மழலையர் பள்ளி என்றால் பாட்டு வேண்டும், பொம்மை வேண்டும், சுவரில் யானை வேண்டும்... எல்லாம் சரி. அதை மட்டும் மாட்டேன்.

ஏன் என்பதற்கு ஒரு குட்டிக் கதை வைத்திருக்கிறேன். கேளுங்கள். இதில் டைனோசர்கள் வருகின்றன. ஆனாலும் குட்டிக் கதைதான்.

ஒரு வெளிநாட்டுக் கார்ட்டூன் படம். சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் அதற்குத் தமிழில் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் போயிருந்தேன். காலேஜில் படித்த காலம். கூட்டம் வருகிற இடத்தில் 'ஹே' என்று கத்துகிற வேலை.

நல்ல படமா? இல்லை. மோசமான படமா? அதுவும் இல்லை... மோசமாக இருக்கக்கூட அது முயற்சி செய்யவில்லை. காடு முழுக்க டைனோசர்கள். எல்லோரும் நண்பர்கள். பெரிய பெரிய பற்களோடு ஒன்று இருந்தது. அதுவும் இலைதான் தின்றது. அப்புறம் எதற்கு அந்தப் பற்கள்? யாரும் கேட்கவில்லை.

கதாநாயகன் ஒரு குட்டி. தமிழில் சோமு என்று பெயர் வைத்திருந்தார்கள். முதல் காட்சியிலேயே அதன் அம்மா சொல்கிறாள்: "சோமு, இங்கேயே இரு. அம்மா போய்த் தண்ணி இருக்கான்னு பாத்துட்டு வந்துடறேன்." மலை ஏறிப் போய்விடுகிறாள்.

அந்த அம்மாவுக்குக் குரல் கொடுத்தவள் ஜெசிந்தா. பல வருடமாகக் கூட்டத்தில் கத்தியவள். அவளுக்கு வசனம் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

வசனத்தைப் பேசி முடித்தாள். பேசிவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த டப்பிங் டைரக்டரைப் பார்த்தாள். கோதண்டம் சார்.

"சார்... இவ எப்ப திரும்பி வருவா?"

"யாரு?"

"சோமு அம்மா. தண்ணி பாக்கப் போனாளே."

"வசனப் பேப்பரைப் பாரும்மா. இருக்கும்."

பேப்பரில் இல்லை. ஒலிப்பதிவு செய்கிற சிராஜ் படத்தை ஓட்டிப் பார்த்தார். "இதோ, கடைசிப் பாட்டுல நிக்குது பாருங்க."

"அது மூணு கொம்பு உள்ளது அண்ணா. அவளுக்குக் கழுத்து நீளம்," என்றாள் ஜெசிந்தா.

மூன்று பெரிய மனிதர்கள். ஒரு டைனோசரைத் தேடுகிறார்கள். பாறைக்குப் பின்னால் பார்த்தார்கள். மரத்துக்குப் பின்னால் பார்த்தார்கள். எங்கே போனாள்? எங்கேயும் போகவில்லை. படம் எடுத்தவர்கள் மறந்துவிட்டார்கள். மழை வந்தது, பாட்டு வந்தது... அம்மா வரவில்லை.

"விடும்மா," என்றார் கோதண்டம் சார். "அதான் எல்லாரும் ஆடுறாங்களே. எந்தக் குழந்தைக்குத் தெரியப்போகுது?"

"என் பொண்ணுக்குத் தெரியும் சார்."

ரெனி. நான்கு வயது. தினமும் காலையில் குழந்தைகள் காப்பகத்தின் வாசலில் ஜெசிந்தா அவளிடம் என்ன சொல்வாள்? "இங்கேயே இரு. அம்மா போயிட்டு வந்துடறேன்." அதே குரல். ஏறக்குறைய அதே வார்த்தை.

"சோமுவோட அம்மா நான்தான்னு அவகிட்ட சொல்லிட்டேன் சார். கட்டாயம் படம் பாப்பா. நான் போறதப் பாப்பா. அப்புறம்... கடைசி வரைக்கும் உக்காந்திருப்பா."

கோதண்டம் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"இப்ப என்ன செய்யணும்ங்கிற?"

"பாட்டு முடியறப்ப மழையை மட்டும்தான் காட்டுறாங்க. யார் வாயும் அசையல. அங்க ஒரு வரி."

"பேப்பர்ல இல்லாதத பேசினா வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் என்னைப் பிடிப்பான். நான் உன்னைக் கை காட்டிடுவேன்."

"காட்டுங்க சார்."

"இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் பேசற மிருகம் ஒண்ணு கிடைச்சிருக்கு. திரும்பக் கூட்டத்துக்கே போயிடுவ."

"தெரியும் சார்."

மழையை ஓட்டினார்கள். அவள் பேசினாள். "சோமு... அம்மா வந்துட்டேன்!"

கோதண்டம் சார் தன் பக்கத்து மைக்கின் பொத்தானை அழுத்தினார். திட்டப்போகிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

"என்னம்மா இது? மலைக்கு அந்தப் பக்கம் நின்னுட்டுக் கத்துற. வந்துட்டேன்னா கிட்ட வந்திருக்கணும் இல்ல? மைக்கை ஒட்டி நில்லு. இன்னொரு டேக்."

அவள் மைக்கை ஒட்டி நின்றாள். காதுக்குள் சொல்வதுபோலச் சொன்னாள்.

கம்பெனி கேட்டதா? கேட்கவில்லை. அங்கே தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

இதை எதற்கு உங்களிடம் சொல்கிறேன்? பயிற்சி முடித்து வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். பள்ளி திறந்ததும் உங்கள் வாசலில் ஒவ்வொரு அம்மாவும் ஒவ்வொரு அப்பாவும் 'வந்துடறேன்' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நீங்கள் கதவைச் சாத்திவிட்டுப் பாட்டுப் போடுவீர்கள். எல்லாக் குழந்தைகளும் ஆடும்... ஒன்று ஆடாது. நின்றுகொண்டு கதவைப் பார்க்கும். உடனே 'இந்தப் பிள்ளைக்குப் பாட்டுப் பிடிக்கவில்லை' என்று எழுதிவிடாதீர்கள். பாட்டில் ஒன்றும் குறையில்லை. அந்தப் பிள்ளையின் கதையில் ஒரு ஆள் குறைகிறது. அதைக் கவனித்த ஒரே ஆள் அந்தக் குழந்தைதான். 'ஆடு, ஆடு' என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பக்கத்தில் போங்கள். தூரத்தில் நின்று சொன்னால் காதில் விழாது... பக்கத்தில் போய், அம்மா எப்போது வருவாள் என்று சொல்லுங்கள். சொன்னபடி வரவில்லை என்றால், ஏன் என்று சொல்லுங்கள். பொம்மையைக் கையில் கொடுத்து மறக்கடிக்காதீர்கள். மறக்காது. மறப்பதெல்லாம் படம் எடுக்கிற நாம்தான்.

ஜெசிந்தாவா? ஹெட்போனைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டினாள். தண்ணீர் குடித்தாள். பஸ் பிடித்துக் காப்பகத்துக்குப் போய், ரெனியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.