அவாவுக்கு வெக்கை ஆகாது

— பச்சைக் கதவு. உந்தப் பச்சைக் கதவைப் பாருங்கோ மதலேனாக்கா. நீல லொறிக்குப் பச்சைக் கதவு பூட்டின ஆள் என்ர மனுசன் றஜித்தைத் தவிர இந்த வன்னியில வேற ஆர் இருக்கினம்?

— எனக்கும் கண் தெரியுதடி. மெல்லமாக் கதை. றோட்டுக்கு அங்கால கேக்கப்போகுது.

— முந்தநாள் என்னட்ட என்ன சொன்னவர்? 'லொறியைப் பிறேக் வேலைக்கு விட்டிருக்கிறன் ஜெயரூபி, கொஞ்ச நாளைக்கு மீன் ஏத்தேலாது.' கராஜின்ர பலகையைப் பாருங்கோ. பிறேக் எண்டு எங்கயாவது எழுதிக் கிடக்கோ?

— நான் கண்ணாடி கொண்டு வரேல்லை. நீ வாசி.

— 'வாகன ஏசி திருத்துமிடம், மாங்குளம்.'

— ஏசியோ? உங்கட லொறிக்கோ? அதில கண்ணாடியை ஏத்தி இறக்கிற பிடியே இல்லையே.

— அதைத்தான் நானும் கேக்கிறன். கலியாணம் முடிச்ச காலத்தில இருந்து உந்த லொறிதான். எஞ்சின் சூடு சீற்றுக்குக் கீழால வந்து காலைச் சுடும். புழுதி முழுக்க என்ர தலையில. ஒரு நாள், ஒரு நாளாவது, வெக்கையோ எண்டு என்னட்டக் கேட்டிருப்பாரோ? இப்ப ஏசி.

— குடையை என்னட்டத் தா. இடக்கையைத் தூக்காத எண்டு எத்தினை தரம் சொல்லுறது. தையல் வெட்டி இன்னும் சரியாக் காயேல்லை.

— அது காஞ்சிட்டுது. சும்மா கொழுப்புக்கட்டிதானே, ஒண்டுமில்லையாம். அவர்தான் ஆசுப்பத்திரிக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தவர். அந்தக் கதையை விடுங்கோ. நீங்கள் கருவாட்டு வாடியில கேட்டதைத் திருப்பி ஒருக்காச் சொல்லுங்கோ. உங்கட சொந்தச் சரக்குச் சேக்காமல் சொல்லுங்கோ.

— நான் ஏன் சேக்கிறன்? கருவாடு புரட்டிக்கொண்டு நிண்டனான். உன்ர மனுசன் வாடிக்குப் பின்னால போய் நிண்டு ஆரோடயோ போனில கதைக்கிறார். 'அவாவுக்கு வெக்கை ஆகாது தம்பி, அவா ஏறேக்கை உள்ளுக்குக் குளிராக் கிடக்கோணும்.' அவ்வளவுதான். என்னைக் கண்டோடன போனைச் சட்டைப் பைக்குள்ள வைச்சிட்டார்.

— அவா.

— ஓம். அவா எண்டுதான் சொன்னவர். வடிவாக் கேட்டனான்.

— என்னை அவர் எப்பிடிக் கூப்பிடுறவர் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே.

— 'இஞ்சேர்' எண்டுவார்.

— இஞ்சேர். கோவம் வந்தால் எடியே. பக்கத்தில ஆக்கள் நிண்டால் உவள். சிலாவத்தையில ஒரே ஒழுங்கையில மூக்குச் சிந்திக்கொண்டு வளந்தனாங்கள், என்னை ஆர் மரியாதையா அவா எண்டு சொல்லப்போகினம்? அவருக்கு அவா எண்டால் கன்னியாஸ்திரி. இல்லாட்டி டொக்டர். இல்லாட்டி பள்ளிக்கூடத்து மிஸ்.

— மிஸ் எண்டு நீயே சொல்லிட்டாய். நான் வாய் திறக்கேல்லை.

— சாரங்கா மிஸ்தான். வேற ஆர்? ஒட்டுசுட்டானில ஏறி, முன் சீற்றில இருந்து, மாங்குளம் மட்டும் வாறா. கேட்டால், 'பஸ்ஸைத் தவறவிட்டிட்டா, பாவம்' எண்டுறார். பாவம் பாத்துப் பாத்து இப்ப ஏசியில வந்து நிக்குது.

— வா, ரெண்டு பேரும் உள்ள போய்க் கேப்பம்.

— வேண்டாம். நீங்கள் வாயைத் திறந்தால் கராஜ்காரனுக்கு எங்கட பரம்பரை முழுக்க விளங்கிடும். உந்தத் தேத்தண்ணிக் கடையில இருங்கோ. நான் ஆரோ போலப் போய், அண்ணேன்ர லொறிக்கு ஏசி போடோணும் எண்டு கேக்கிறன்.

— உனக்கு அண்ணன் இல்லையே.

— அது சிலாவத்தைக்குத்தான் தெரியும். மாங்குளத்துக்குத் தெரியாது.

*

— வாங்கோ அக்கா. ஆரைத் தேடுறியள்?

— இந்தக் கராஜ்காரரை.

— நான்தான். சுகிர்தன். சொல்லுங்கோ.

— எங்கட அண்ணேன்ர லொறிக்கு ஏசி போடேலுமோ எண்டு கேட்டுப்போக வந்தனான். உந்தா நிக்குதே, உதைப்போலப் பழைய லொறி.

— எந்த வருசத்து லொறி?

— அது அண்ணனுக்குத்தான் தெரியும்.

— அப்ப அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே.

— அவர் கடலுக்குப் போட்டார்.

— லொறி ஓடுறவர் கடலுக்கோ?

— லொறியும் கிடக்கு, வள்ளமும் கிடக்கு. ஏன் தம்பி, ஏசி போடுறதுக்குச் சாதகமும் பாப்பியளோ?

— குறை நினைக்காதேங்கோ அக்கா. சந்தியில புதுசா ஒரு கடை திறந்திருக்கினம். போன கிழமை ஒருத்தர் வந்து உப்பிடித்தான், அது என்ன இது என்ன, சாமான் எங்க எடுக்கிறனீங்கள் எண்டு கிண்டினவர். பாத்தால் அந்தக் கடைக்காரன்ர மச்சானாம். நீங்களும் அந்தப் பக்கமோ எண்டு நினைச்சிட்டன்.

— சேசுவே, எனக்கு ஒரு கடையையும் தெரியாது.

— சேசுவே எண்டுறியள். அப்ப கடற்கரைப் பக்கத்து ஆள்தான். சரி, நம்புறன். என்ன தெரியோணும்?

— உதுக்கு என்னென்ன செய்தனீங்கள்?

— கேளுங்கோவன். உது ஏசியோட வந்த லொறிதான். முந்தி வைச்சிருந்த ஆக்கள் பெல்ற்றை வெட்டி எறிஞ்சு போட்டினம். கொம்பிரசர் சுத்தாமல் கிடந்து இறுகிப் போச்சு. முன்னுக்கு இருக்கிற தட்டு உப்புக் காத்தில அரிச்சு, தொட்டால் உதிருது. கடற்கரை லொறியெல்லாம் உந்தக் கோலம்தான். எல்லாத்தையும் கழட்டி, வேற எடுத்துப் பூட்டி, காஸ் அடிச்சு, கசியுதோ எண்டு சவர்க்கார நுரை பூசிப் பாத்தன். ஒரு மூட்டில குமிழி வந்தது. அதையும் அடைச்சிட்டன்.

— ஒரு மீன் லொறிக்கு இவ்வளவோ?

— நானும் அதைத்தான் கேட்டனான். 'அண்ணை, இந்தக் கிழட்டு லொறிக்கு ஏன் உந்த வேலை, விட்டிட்டுப் பேசாமல் இருங்கோ' எண்டன். அவர் கேக்கேல்லை. ஏறிப் பாக்கிறியளோ? இப்பதான் ஸ்ராட் பண்ணி விட்டனான். குளிர் எப்பிடி எண்டு அண்ணனுக்குச் சொல்லலாம்.

— பாக்கிறன்.

— அந்தப் பக்கத்தால ஏறுங்கோ. ரெண்டு கையாலையும் பிடியுங்கோ அக்கா, படி உயரம்.

— ஒரு கை போதும். ஏறிப் பழகின கால்தான். அண்ணேன்ர லொறியில, சொல்லுறன்.

— கதவை நல்லா அடியுங்கோ. நான் இந்தப் பக்கத்தால ஏறுறன். எப்பிடிக் கிடக்கு?

— மீன் வெடுக்கு மணத்தைக் காணேல்லையே.

— தேசிக்காய் போட்டுத் தேய்ச்சுக் கழுவினது. சீற்றுக்கு உறையும் புதுசு. அது நான் செய்யிற வேலை இல்லை, அவர் வந்திருந்து தானே தேய்ச்சவர். அவாவுக்கு மீன் வெடுக்குப் பிடிக்காமல் போகுமாம்.

— ஆர் அவா?

— இந்தச் சீற்றில வரப்போறவா.

— மீன் லொறியில ஏறுறவாவுக்கு மீன் வெடுக்குப் பிடிக்காதாமோ. பெரிய இடத்து ஆள் போல.

— அது எனக்குத் தெரியாது அக்கா. குளிர் காணுமோ?

— குளிர் கிடக்கட்டும். சத்தத்தையும் காணேல்லை. எஞ்சின் ஓடுதோ?

— ஓடுது, ஓடுது. கதவு ரப்பர் எல்லாம் மாத்தினது. கண்ணாடிக்கும் பிடி போட்டு இறுக்கியாச்சு. அவருக்குக் குளிரை விட உதுதான் முக்கியம். 'கண்ணாடியைத் திறந்துபோட்டு ஓடினால் சத்தத்தில ஒண்டும் கேளாது தம்பி. இவ்வளவு காலமா அவாவோட இந்த லொறிக்குள்ள ஒரு கதை ஆறுதலாக் கதைச்சதில்லை. கண்ணாடியை மூடிப்போட்டுக் கதைக்கோணும்' எண்டவர்.

— கண்ணாடியை மூடிப்போட்டுக் கதைக்கிற கதை என்ன கதை?

— அது அவையின்ர விசயம்.

— அவருக்கு வீடு வாசல் இல்லையோ? கதைக்கிறதை வீட்டில கதைக்கலாமே.

— வீட்டில ஏலாதாம். பிள்ளையள் நிக்குமாம். பக்கத்து வீட்டில ஒரு மனுசி எந்த நேரமும் வேலியில காதை வைச்சுக்கொண்டு நிக்குமாம்.

— அது சரி. அந்தக் காது இப்ப தேத்தண்ணிக் கடையில கிடக்கு.

— என்ன அக்கா?

— ஒண்டுமில்லை. இந்தக் காத்து வாற வாய் ஏன் ஒரு பக்கமாச் சரிஞ்சு கிடக்கு?

— ஐயோ, அதைத் திருப்பாதேங்கோ. அவர் பக்கத்தில இருந்து கையை வைச்சு வைச்சுப் பாத்துச் சரிப்படுத்தினது. இடது தோளிலயும் நெஞ்சிலயும் நேர அடிக்கப்படாதாம்.

— பட்டுப் போல உடம்பாக்கும்.

— அக்கா, உங்களுக்கு ஏசி வேணுமோ, அந்த மனுசன்ர கதை வேணுமோ?

— எனக்கு ஒண்டும் வேண்டாம் தம்பி. நேரச் சொல்லுறன் கேளும். உந்த மனுசன் ஒரு மீன் லொறியை மணவறை போலச் சோடிச்சு, ஆரோ ஒருத்தியை ஏத்திக்கொண்டு திரியப்போறார். நீரும் பாத்துப் பாத்துக் குளிர் அடிச்சுக் குடுக்கிறீர். வீட்டில இருக்கிறவள் மீன் வெட்டி, கருவாடு போட்டு, வெய்யிலுக்குள்ள கிடந்து சாகட்டும். அவளுக்கு ஒரு நாளும் வெக்கை இல்லை.

— தெரியாத மனுசரைப் பற்றி அப்பிடிக் கதைக்காதேங்கோ.

— கதைப்பன். நல்லாத் தெரிஞ்சபடியாத்தான் கதைக்கிறன். உந்தச் சாதி ஆம்பிளையளை எனக்குத் தெரியும்.

— அந்த மனுசன் உதில, அந்த ரயருக்கு மேல இருந்து அழுதவர் அக்கா. உங்களுக்கு என்ன தெரியும்?

— எவளுக்காக அழுதவர்?

— வீட்டில இருக்கிறவாவுக்காகத்தான். அவா எண்டு சொன்னது அவற்ற மனுசியை.

— மனுசியையோ?

— ஓம்.

— பொய் சொல்லாதேங்கோ. மனுசியை அவா எண்டோ சொன்னவர்?

— வாய்க்கு வாய் அவாதான். 'அவா இல்லாட்டி எனக்கு வாடியும் இல்லை, வள்ளமும் இல்லை தம்பி. எல்லாம் அவாதான் பாக்கிறவா' எண்டவர். ஏன் அக்கா சிரிக்கிறியள்? கண்ணும் கலங்கிக் கிடக்கு.

— குளிருக்கு. ஏசி நல்லா வேலை செய்யுது தம்பி. நான்தான் விசரி. ஆக்களின்ர கதையைக் கேட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறன். மனுசியை அவாவாம். இதை மதலேனாக்கா கேக்கோணும்.

— ஆர் மதலேனாக்கா?

— அது ஒராள். நில்லுங்கோ, எனக்கு ஒண்டு விளங்கேல்லை. அந்த மனுசி மீன் வெட்டுறவாதானே. அவாக்கு ஏன் மீன் வெடுக்குப் பிடிக்காது?

— பிடிக்காது எண்டு நான் சொல்லேல்லையே அக்கா. பிடிக்காமல் போகும் எண்டு சொன்னனான்.

— ஏன் போகும்?

— விடுங்கோ. எனக்கு வாய் நிக்காது. சொல்லப்படாது எண்டு சொன்னவர்.

— தம்பி, நான் புதுக்குடியிருப்பு. எனக்கு ஆரையும் தெரியாது. ஏன் போகும்?

— மருந்து ஏத்தத் தொடங்கினால் மணம் ஒண்டும் ஒத்துவராதாம். சத்தி எடுப்பினமாம். பேந்து மிசினில கரண்டு பிடிப்பினமாம், அந்த இடத்துத் தோல் வெக்கை பட்டால் எரியுமாம். தெல்லிப்பழை ஆசுப்பத்திரிக்கும் வீட்டுக்கும் பஸ்ஸில அலைய ஏலாது எண்டுதான் இந்த லொறியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்.

— தெல்லிப்பழைக்கோ?

— ஓம் அக்கா. கான்சர். கமக்கட்டுக்குள்ள, கைக்குக் கீழால, ஒரு கட்டி வந்து வெட்டி எடுத்ததாம். இவர்தான் போய் முடிவைக் கேட்டவர். வீட்டில வந்து, ஒண்டுமில்லை, கொழுப்புக்கட்டி எண்டு சொல்லிப்போட்டார். சொல்ல வாய் வரேல்லையாம். வாற கிழமை இந்தச் சீற்றில இருத்தி, கண்ணாடியை மூடிப்போட்டு, போற வழியில சொல்லப்போறாராம். டொக்டர் நேரத்தோட கண்டுபிடிச்சாச்சு, சுகப்படுத்தலாம் எண்டு சொன்னவராம். ஆனால் அவாக்கு இன்னும் ஒண்டும் தெரியாது.

— ஓம். தெரியாதுதான்.

— பாவம் அக்கா அந்த மனுசன். பிறேக் வேலை எண்டு சொல்லிப்போட்டு வந்து நிக்கிறார். எங்க இருந்து சொல்லத் தொடங்கிறது எண்டு என்னட்டக் கேக்கிறார். 'ஒட்டுசுட்டான் தாண்டினாப் பிறகு சொல்லட்டோ, மாங்குளம் வந்தாப் பிறகு சொல்லட்டோ தம்பி?' நான் என்னத்தைச் சொல்லுறது?

— லொறியை எப்ப எடுக்க வாறார்?

— நாளைக்குக் காலமை.

— காத்து வாயைக் கொஞ்சம் மேல உயத்திவிடுங்கோ. கழுத்திலயும் படுது.

— உங்களுக்கோ அக்கா? இந்தாங்கோ. இப்ப சரியோ?

— இப்ப சரி.

— வெளியில ஒரு அம்மா குடையோட நிண்டு, ஆராம் ஆராம் எண்டு கேக்கிற மாதிரி உங்களைப் பாத்துக் கையைக் காட்டுறா.

— நிக்கட்டும். கொஞ்ச நேரம் இருந்திட்டு இறங்கிறன். எனக்குப் பயமாக் கிடக்கு தம்பி.

— என்ன பயம்? ஏன் அக்கா இடக்கையை உப்பிடி நெஞ்சோட பொத்திப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறியள்? நோகுதோ?

— அந்தக் கதையை அவரே சொல்லட்டும் தம்பி. நாளைக்கு வந்து கேட்டால், அவா இஞ்ச வரேல்லை எண்டு சொல்லுங்கோ.