குப்பைமேட்டுக்கு எழுபத்திரண்டு மார்க்

அக்கா: …"அதிகாரத்தின் கண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்பவன் நான்." யாருடா இது?

தம்பி: நான்தான்.

அக்கா: போன வாரம் லீவு கேட்கப் போய், உங்க பத்திரிகை ஆசிரியர் ரூம் வாசல்ல அரை மணி நேரம் நின்னுட்டுத் திரும்பி வந்தியே… அது யாரு?

தம்பி: அவர் போன்ல இருந்தாரு. அக்கா, பிழை மட்டும் பாருன்னுதானே கொடுத்தேன். அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்.

அக்கா: பிழையைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். இந்த ஃபெல்லோஷிப் கிடைச்சா என்ன செய்வ?

தம்பி: ஆறு மாசம் ஒரே விஷயத்தை உக்காந்து துப்பறியலாம். ஏழு வருஷமா ரிப்பன் வெட்டுறவங்க பின்னாடியே சுத்தி அலுத்துப்போச்சு.

அக்கா: கத்திரிக்கோலுக்கே உன் முகம் பழகியிருக்கும். சரி… "ஆய்வுப் பொருள்: ஒரு இதழியல் கல்லூரியில்…"

தம்பி: அடுத்த பக்கத்துலதான் பிழை நிறைய. அங்க பாரு.

அக்கா: இரு. இது எங்க காலேஜ்.

தம்பி: பேர் போடலையே.

அக்கா: "வாசலில் முள் உடைந்த பேனா சிலை." ஊர்ல எத்தனை காலேஜ் வாசல்ல அது நிக்குது?

தம்பி: …நீ அங்க பாடம் நடத்துறதாலதான் உன்கிட்ட காட்டுறேன். யாரோ தபால்ல ஒரு கட்டு அனுப்புனாங்க. அனுப்புனவங்க பேர் இல்ல. மூணு வருஷத்து இறுதியாண்டு அறிக்கை, வருஷத்துக்கு ஒண்ணு. மாணவங்க தாங்களே போய் விசாரிச்சு எழுதணுமே, அது.

அக்கா: ம்.

தம்பி: மூணும் ஒண்ணேதான். ஊருக்கு வெளிய இருந்த குப்பைமேட்டைப் பத்தி. அட்டையில பேரை மட்டும் மாத்தியிருக்காங்க. "நான் நேரில் சென்று பார்த்தேன். நாற்றம் குடலைப் பிடுங்கியது."

அக்கா: நேர்ல போனவனுக்குத்தானே நாத்தம் தெரியும்.

தம்பி: எங்க போனான்? மேட்டை வாரிட்டு அங்க பூங்கா வச்சு ரெண்டு வருஷமாச்சு. திறப்பு விழாவுக்கு நான்தான் போனேன்.

அக்கா: அதானே. நீ இல்லாமலா?

தம்பி: சிரிக்காத. போன வருஷம் எழுதுனவன் பூச்செடிக்கு நடுவுல நின்னு மூக்கைப் பொத்தியிருக்கான். அதுக்கு எழுபத்திரண்டு மார்க். மூணு வருஷமும் அதே எழுபத்திரண்டு.

அக்கா: திருத்துனவங்க ஓரவஞ்சனை இல்லாத ஆளு போல.

தம்பி: இவங்க எல்லாம் நாளைக்குப் பேப்பர்ல உக்காந்து எழுதுவாங்க. ஊரே அதை நம்பும்.

அக்கா: நூத்திருபது அறிக்கை, ரெண்டு நாள். "ஒருத்தரையும் ஃபெயில் ஆக்காதீங்க, அடுத்த வருஷம் சேர ஆள் வராது"ன்னு பிரின்சிபால் வேற தலைமேல நிப்பாரு. யாரு பிரிச்சுப் படிப்பா?

தம்பி: அதுக்காக?

அக்கா: படிச்சிருக்கணும்தான். வெட்கக்கேடு… ஆமா, பின்னாடி இணைச்சிருக்கிற நகல்ல இது என்ன? "மதிப்பிட்டவர் கையொப்பம்"னு அச்சடிச்சிருக்கு. கீழ வெறும் வெள்ளையா இருக்கு.

தம்பி: ஜெராக்ஸ் மிஷின் பழசு.

அக்கா: மூணு அறிக்கையிலயும் அதே ரெண்டு அங்குலம் மட்டும் விழலையா?

தம்பி: அதை விடு, மணியாகுது.

அக்கா: விதிமுறை படிச்சியா? "ஆதாரத்தில் எதையேனும் மறைத்திருந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்."

தம்பி: கையெழுத்து முக்கியமில்ல. தப்பு காலேஜோடது.

அக்கா: காலேஜுக்குக் கை இருக்கா, மார்க் போட?

தம்பி: அக்கா… நீ இந்த மாசமே வேற வேலை பாரேன்.

அக்கா: எதுக்கு?

தம்பி: சும்மாதான். தினமும் ரெண்டு பஸ் மாறிப் போற.

அக்கா: பதினோரு வருஷமா மாறாத பஸ்ஸா?

தம்பி: தெரிஞ்சுக்கிட்டே கேக்காத. மூணுலயும் உன் கையெழுத்துதான். துண்டுப் பேப்பர் வச்சு மறைச்சுத்தான் ஜெராக்ஸ் எடுத்தேன். என்னைப் படிக்க வச்சவ நீ. உன்னைக் காட்டிக்கொடுத்து நான் பெரிய ஆளாகணுமா?

அக்கா: மணி என்ன?

தம்பி: நாலே கால்.

அக்கா: அசல் எங்க?

தம்பி: பையில. எதுக்கு…

அக்கா: எடு. தெருமுனைக் கடை திறந்துதான் இருக்கும். துண்டுப் பேப்பர் எதுவும் வைக்காம, முழுசா எடுத்து அனுப்பு.

தம்பி: பைத்தியமா உனக்கு? வேலை போயிரும். காலேஜ்ல உன்னைப் பிடிக்காதவன் எவனோ வயித்தெரிச்சல்ல அனுப்பியிருக்கான், அவன் ஆசையை நாமளே நிறைவேத்தணுமா? அவன் யாருன்னு முதல்ல கண்டுபிடிக்கிறேன் பாரு…

அக்கா: ஃபெல்லோஷிப் இல்லாமலே சொல்றேன், கேட்டுக்கோ. போன மாசம் அலமாரி ஒழிக்கறப்ப மூணையும் அடுத்தடுத்து அப்பதான் படிச்சேன். என் கையெழுத்து தெரியுற பக்கத்தை மேல வச்சுக் கட்டுனது நான்தான். நேர்ல கொடுத்தா மறைச்சிருவன்னு பயந்துதான்டா, பேர் போடாம தபால்ல போட்டேன்.