வெறும் வளையம்

துவைத்த வெள்ளைக் கோட்டுக்கு நீலம் அதிகம் போடக்கூடாது. வெயிலில் திட்டுத் திட்டாகத் தெரியும். புது மருந்து விழா நாளன்று அந்தத் தவறு நடக்காமல் பார்த்துக்கொண்டேன். மற்றவற்றை வரிசையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

கொடகவெலைக்கு அருகிலுள்ள தோட்டத்து மருந்தகத்தில் இருபத்திரண்டு வருடமாக உதவியாளராக இருக்கிறேன். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஜனங்கள் ‘மருந்தையா’ என்பார்கள். விழாப் பதாகையில் ‘டொக்டர் இருதயராஜ்’ என்று அச்சாகியிருந்தது. அச்சகத்தாரின் பிழை. அடுத்தவர் செலவில் அடித்த பதாகையில் குறை சொல்வது மரியாதையில்லை என்று விட்டுவிட்டேன்.

எங்கள் ஆட்கள் காலையில் ரப்பர் பால் வெட்டுவார்கள். பிற்பகலில் மாணிக்கக்கல் தோண்டும் குழியில் இடுப்பளவு தண்ணீரில் நிற்பார்கள். அந்தத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் வரும். அதைத் தடுக்க வாரத்துக்கொரு கெப்சியூல் கொடுப்போம். வயிறு எரிகிறது என்று பாதிப்பேர் அதைக் கழிவுநீர்க் கானில் வீசிவிடுவார்கள். அதனால்தான் கொழும்புக் கம்பனி ஒன்று அதே மருந்தைத் தண்ணீரில் கலக்கும் தூளாக, சின்னக் காகிதப் பக்கெட்டில் கொண்டுவந்தது.

அந்தத் தூளின் சூட்சுமத்தை இரண்டு நாள் பயிற்சியில் கற்றேன். ஏழு குளுக்கோஸ் கைகோத்து வட்டமாக நிற்கும். சீனிதான், ஆனால் வளையம். வெளிப்பக்கம் தண்ணீரோடு ஒட்டும். உள்ளே குழியில் மருந்து உட்கார்ந்துகொள்ளும். மருந்து உள்ளே ஒளிந்திருப்பதால் நாக்குக்குக் கசப்புத் தெரியாது. பயிற்சியில் ஒரு பக்கெட்டைக் கலக்கிக் காட்டினார்கள். தண்ணீர் நல்ல மஞ்சளாக வந்தது. மருந்தின் நிறம் அது.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு பெட்டிகள் வந்தன. ஒன்றைக் கலக்கிப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. மூன்று பெட்டிகளிலிருந்து இன்னும் ஆறு பக்கெட் கலக்கினேன். எல்லாம் தெளிவு. கம்பனிப் பொறுப்பாளர் றம்ஸீனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“மெஷின் சரிபாக்க மருந்தில்லாம நிரப்பினது மாறி வந்திருக்கும் போல. வெறும் வளையம் மட்டுந்தான் இருக்கும். அப்படியே திருப்பி அனுப்புங்க, விழாவ ரெண்டு கிழமை தள்ளிப்போடுவோம்” என்றார். நல்ல மனிதர்.

தோட்ட நிர்வாகி, எங்கள் பெரிய துரை, வருவதாக இருந்தார். பதாகையும் கட்டியாகிவிட்டது. பத்து நிமிடம் கழித்து மறுபடி எடுத்து, “மஞ்சள்தான் சேர். என் கண்ணாடிக் கோளாறு” என்றேன்.

காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் குத்துவிளக்கு, மாலை, இங்கிலீஷ் பேச்சு, சிங்களப் பேச்சு எல்லாம் முறையாக நடந்தன. தமிழ்ப் பேச்சு என்னுடையது. கண்ணாடிக் குவளையில் நானே கலக்கிக் காட்டினேன். முன்வரிசையில் ஷாமிளா நின்றாள். தேயிலைக் கொழுந்து எடுப்பவள், அவள் புருசன் சுமன் பால் வெட்டுபவன்.

“ஐயா, நோட்டீஸ்ல மஞ்சத்தண்ணி போட்டிருக்காங்க. இது பச்சத்தண்ணியாட்டம் இருக்கே?”

“வளையம் கசப்ப மட்டுமில்லம்மா, நெறத்தையும் மறைச்சிரும். அதான் விஞ்ஞானம்.”

சுமன் பின்னாலிருந்து, “அப்ப எங்க கங்காணிய அதுக்குள்ள போட்டு மூடிருங்கய்யா, புண்ணியமாப் போகும்” என்றான். துரைக்கும் மொழிபெயர்த்துச் சொன்னார்கள், அவரும் சிரித்தார். கைதட்டல் நீளமாக இருந்தது. அறிக்கையில் அதைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

அடுத்த நாள் லயம் லயமாகப் போய், மிச்சமிருந்த பழைய கெப்சியூல்களைத் திருப்பி வாங்கினேன். இரண்டையும் சேர்த்துக் குடித்தால் ஆபத்து என்றேன். பழையதைக் குடித்துச் சுகமாக இருந்தால் புதியதன் பலன் தெரியாமல் போகும். ஒரு திட்டம் என்றால் ஒழுங்கு வேண்டும்.

மழை பிடித்தது. மூன்றாம் வாரம் சுமனுக்குக் காய்ச்சல். கண் சிவந்திருந்தது, கெண்டைக்காலைத் தொடவிடவில்லை. பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. ஷாமிளாவிடம் வைரஸ் காய்ச்சல் என்று சொல்லிப் பனடோல் மாத்திரை கொடுத்தேன். முதல் மாதத்திலேயே எலிக்காய்ச்சல் என்று எழுதி அனுப்பினால் துரை என்ன நினைப்பார். மூன்றாம் நாள் அவனுக்குச் சிறுநீர் நின்றது. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஐந்தாம் நாள் இறந்தான். அந்த மாதத்திலேயே இன்னும் இரண்டு பேர், செல்லையாவும் இருளப்பனும்.

மூவரின் நோயாளர் அட்டையிலும் ‘மருந்து குடிக்க மறுத்தவர்’ என்று எழுதினேன். என் கையெழுத்துத்தான், சந்தேகம் வேண்டாம். மருந்தக அலுமாரியில், திருப்பி வாங்கியதில் முன்னூற்றுப் பன்னிரண்டு கெப்சியூல் இருந்ததாகச் சொல்கிறீர்கள். நான் எண்ணியபோது இன்னும் நான்கு இருந்தன. அவற்றை வாரத்துக்கு ஒன்றாக நான் குடித்தேன். நானும் மழையில் லயத்துக்குப் போய் வருகிறவன்.

சுமனின் காரியம் முடிந்த பிறகு ஷாமிளா மருந்தகத்துக்கு வந்தாள். அட்டையில் இருந்ததை ஆஸ்பத்திரியில் யாரோ வாசித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

“அவரு மறுக்கலைங்கய்யா. நான்தான் கலக்கிக் குடுத்தேன், ஒரு வாரமும் விடல்ல. என் கண்ணு முன்னாலதான் குடிச்சாரு.”

“எத்தன சுத்துக் கலக்குன?”

அவள் யோசித்தாள். “மலைக்குக் கொழுந்தெடுக்க நேரமாச்சுன்னு... ரெண்டு மூணு சுத்துதாங்கய்யா.”

“சரியாக் கலக்காட்டி மருந்து அடியிலயே தங்கிரும்மா.”

அவள் வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். அழவில்லை. கொஞ்ச நேரம் தன் வலக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப நான்தானாய்யா?” என்று கேட்டாள். வெளியே யாரிடமும் பேச வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இன்றுவரை அவள் வாய் திறக்கவில்லை.

வெறும் பக்கெட் என்று தெரிந்தேதான் கொடுத்தேன். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவளை மட்டும் இந்த விசாரணைக்கு இழுக்க வேண்டாம். நான் அவளை எப்போதோ மன்னித்துவிட்டேன்.