லேசருக்கு எந்த டிரைவர்?

தங்கை: அப்போ... லேசருக்குக் கரண்ட் குடுக்கற இந்த முதல் டிரைவர் பெட்டி வேணாங்கறியா?

அக்கா: எத்தனை வாட்டிடி சொல்றது? ஸ்விட்சப் போட்டதும் கரண்ட் ஒரு எகிறு எகிறும். கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள, வெளிச்சத்த உண்டாக்கற லேசர் டயோடு காலி.

தங்கை: மீட்டர்ல சரியாத்தானே காட்டுச்சு...

அக்கா: மீட்டர் முழிச்சுப் பாக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும்.

தங்கை: சரி, ரெண்டாவது? அது கரண்ட மெதுவா ஏத்துமே.

அக்கா: ஏத்தும். வோல்டேஜ் பத்தாது. நம்ம டயோடு இருபத்திநாலு வோல்ட் கேக்குது. இது இருபதுலயே மூச்சு வாங்கும்.

தங்கை: மூணாவது...

அக்கா: அது எல்லாத்துக்கும் பொருந்தும். வந்து சேர மூணு மாசம். நாளைக்குக் கம்பெனிக்காரங்க வந்து நிப்பாங்களே, டார்ச் அடிச்சா காட்டறது?

தங்கை: கிண்டல் பண்ணாதக்கா. பயமா இருக்கு.

அக்கா: எனக்கு மட்டும் குளுகுளுன்னா இருக்கு? ரெண்டு பிளாஸ்டிக் துண்ட லேசர்ல ஒட்டிக் காட்டலேன்னா ஆர்டர் போச்சு. ஆர்டர் போச்சுன்னா பட்டறைய இழுத்து மூட வேண்டியதுதான்.

தங்கை: நான் திரும்ப அந்தப் பழைய மேனேஜர் முன்னாடி போய் நிக்கணும். செத்துடலாம் அதுக்கு.

அக்கா: வாயக் கழுவு! உனக்காவது வேலை குடுப்பான். இந்த வயசுல எனக்கு எவன் குடுப்பான்?

தங்கை: இன்னொரு டயோடு கேட்டுப் பாக்கலாமா?

அக்கா: இதையே கெஞ்சிக் கூத்தாடி வாங்கினோம். இது ஒண்ணுதான், போனா போனதுதான்னு குடுத்தவர் அன்னைக்கே சொல்லிட்டாரே.

தங்கை: ம்ம்...

அக்கா: என்ன ம்ம்?

தங்கை: ஒண்ணுமில்ல. முதல் டிரைவரையே வெச்சு, கரண்ட் குமிழைப் பூஜ்யத்துல விட்டு, கையால கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினா?

அக்கா: ...செய்யலாம்.

தங்கை: செய்யலாமா? இவ்ளோ நேரம் வேணாம் வேணாம்னியே!

அக்கா: வேற வழி? விடிஞ்சா வந்துடுவாங்க.

தங்கை: சரி... மாட்டு.

அக்கா: நீ மாட்டு.

தங்கை: நீதானே மூத்தவ.

அக்கா: இதுல என்னடி மூத்தவ இளையவ? டயோடு டப்பா உன் கைக்கிட்டதான் இருக்கு. எடு.

தங்கை: நீ எடுக்கா.

அக்கா: ஏய்... ஏன் அழற?

தங்கை: அக்கா, என்னத் திட்டு. அடிக்கக்கூடச் செய். நேத்து மத்தியானம் நீ சாப்பிடப் போனப்போ மாட்டிப் பாத்தேன்.

அக்கா: மாட்டி?

தங்கை: டிரைவர் ஆன்ல இருந்தத கவனிக்காம ஒயரச் சொருகிட்டேன். உள்ள தேங்கி நின்ன கரண்டெல்லாம் ஒரேயடியா டயோடுக்குள்ள பாஞ்சிருக்கும். குமிழைத் திருகித் திருகிப் பாத்தேன். துளி வெளிச்சம் வரல. நம்ம பொழப்ப நானே கொன்னுட்டேன்க்கா.

அக்கா: அழாத.

தங்கை: எப்படி அழாம இருக்கறது? நீ பாட்டுக்கு எந்த டிரைவர் எந்த டிரைவர்னு மண்டைய உடைச்சுக்கற... டயோடு செத்தது தெரியாம...

அக்கா: தெரியும்டி. முந்தாநாளே ஒயர அதே மாதிரி நான்தான் சொருகினேன். நீ மாட்டினப்போ அதுல உயிரே இல்ல.