ஆடியில் திறக்காத லேப்டாப்

பிரேம்நாத்: முப்பது நாள் வாரண்டிம்மா. இன்னியோட முப்பத்தி நாலு ஆவுது. பில்லுல தேதி இருக்குதே.

பொன்னியம்மாள்: இருக்குது, இல்லன்னு சொல்லல. ஆனா ஆடி மாசத்த எதுக்குப்பா அதுல சேத்த?

பிரேம்நாத்: ஆடிய சேக்காம... எப்படிம்மா?

பொன்னியம்மாள்: எங்க பிள்ளையார்பாளையத்துல எந்த வீட்டுல வேணா கேட்டுப் பாரு. ஆடியில ஒரு கரண்டி வாங்கினாக்கூட ஆவணியிலதான் அடுப்புல வெப்போம். நீ ஆடித் தள்ளுபடின்னு போர்டு மாட்டின, வாங்கினோம். மஞ்சத் துணியில சுத்தி சாமி ரூம்புல வெச்சோம். நேத்துதான் நாள் நல்லா இருக்குதுன்னு எம் மருமக தொறந்தா. அப்ப உன் முப்பது நாளு நேத்துலேர்ந்துதான?

பிரேம்நாத்: இது புதுசே இல்லம்மா. ஏதோ கம்பெனியில மூணு வருஷம் ஓடினது. நான் தொடச்சு, சரி பண்ணி வித்த லேப்டாப்பு.

பொன்னியம்மாள்: எங்க வீட்டுக்குப் புதுசுதான?

துர்காதேவி: அத்தே, கொஞ்சம் இருங்க. அண்ணா, மொதல்ல என்னா ஆச்சுன்னு சொல்லுங்க. ரேம் ஏத்தணும்னு காலைல விட்டுட்டுப் போனேன். இப்ப வந்தா மதர்போர்டே போச்சுன்றீங்க...

பிரேம்நாத்: பதினாறு ஜிபி ஒரு ஸ்லாட்டுல இருந்துச்சா... இன்னொண்ணு காலி. அந்தக் காலியில புதுசு போட்டா எடுக்க மாட்டேங்குது. மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துட்டேன்மா, ரேம் மேல தப்பு இல்ல. ஸ்லாட்டே செத்துப் போச்சு. போர்டு மாத்தினாத்தான் வழி.

பொன்னியம்மாள்: எங்க, காட்டு. இந்த இத்துனூண்டு தகடா ரேமு?

பிரேம்நாத்: ஓரத்துல புடிங்கம்மா. அந்த மஞ்சப் பல்லு மேல கை படக்கூடாது.

பொன்னியம்மாள்: இது என்னா பண்ணும்?

பிரேம்நாத்: வேலை நடக்கற வரைக்கும் எல்லாத்தையும் இதுதான் ஞாபகம் வெச்சிருக்கும். கரண்ட்டு போனா மறந்துடும்.

பொன்னியம்மாள்: மறந்துபோறதுக்கா இவ்ளோ துட்டு?

துர்காதேவி: அத்தே, நான் டிசைன் வரையற அந்தக் கல்யாணப் பொடவை இருக்குதுல்ல... உடம்பு பூரா ஊர்வலம் வேணும்னு கேட்டாங்களே. ஒரு யானை மாதிரி இன்னொரு யானை இருக்கக் கூடாது, ஒரு ஆளு மூஞ்சி இன்னொரு ஆளுக்கு வரக் கூடாது. மத்த டிசைன்ல ஒரு பூவ வரைஞ்சா அதையே நூறு வாட்டி போட்டுக்கலாம். இதுல அப்படி முடியாது. பொடவை முழுசையும் ஒரே நேரத்துல கம்ப்யூட்டரு தூக்கிக்கினு நிக்கணும்.

பிரேம்நாத்: அதுக்குத்தான்மா பதினாறு பத்தல. திணறும்.

துர்காதேவி: திணறுறதாவது... முந்தானைகிட்ட வந்தாலே அப்படியே நின்னுடுதுண்ணா. நாலு வாட்டி நின்னுடுச்சு.

பிரேம்நாத்: நேத்து ஒரே நாள்லயா?

துர்காதேவி: ...ஆங். நேத்துதான்.

பொன்னியம்மாள்: வெள்ளிக்கிழமை இவ டிசைனு தறிக்கு அட்டையில ஓட்டை அடிக்கப் போகணும்பா. பொடவை ஆர்டர் குடுத்த மாணிக்கவாசகம் மொதலாளி ஒரு தடவதான் சொல்லுவாரு. டிசைன் வரலன்னா ஆர்டர வேற ஆளுகிட்ட குடுத்துடுவாரு. அப்புறம் இவகிட்ட பெரிய வேலையே வராது. இத வாங்கறதுக்கு இவ ரெண்டு வருஷம் சேத்தா.

பிரேம்நாத்: புரியுதும்மா. இதே லாட்டுல வந்த போர்டு ஒண்ணு என்கிட்ட இருக்குது. வாரண்டின்னா சும்மாவே மாத்திக் குடுப்பேன். சரி... நீங்க சொல்றதுக்கு ஒரு வழி இருக்குது. நேத்துதான் தொறந்தீங்கன்னா மிஷினே சொல்லிடும்.

பொன்னியம்மாள்: மிஷினா? என்னா சொல்லும்?

பிரேம்நாத்: உள்ள டிஸ்க்கு இருக்குதுல்ல, அது எத்தினி மணி நேரம் ஓடிச்சுன்னு தானே எழுதி வெச்சிக்கும். விக்கறப்ப அந்த நம்பர நான் பில்லுலயே போட்டுடுவேன். தோ பாருங்க, எட்டாயிரத்து நூத்தி நாப்பது. இப்ப நாலஞ்சு மணி கூட இருந்தா நேத்துதான் தொறந்தீங்க. ஆடிய நானே கழிச்சிடறேன்.

பொன்னியம்மாள்: தானேவா எழுதிக்கும்? யாரும் எழுதாமலா?

பிரேம்நாத்: ஆமாம்மா. அழிக்கவும் முடியாது.

பொன்னியம்மாள்: ஓ... அது எனக்குத் தெரியாதே... கீழ ஆட்டோ நிக்குதுப்பா. இன்னும் நேரம் ஆவும்னு சொல்லிட்டு வரேன்.

துர்காதேவி: பாத்து எறங்குங்க அத்தே, படி செங்குத்தா இருக்குது...

பிரேம்நாத்: பாத்துடலாமா? ஒரு நிமிஷ வேலைதான்.

துர்காதேவி: அண்ணா, வேணாம். பாக்காதீங்க. துட்டு குடுத்தே மாத்திக்கறேன்.

பிரேம்நாத்: ஏன்மா? சும்மா வர்றத...

துர்காதேவி: நேத்து தொறக்கலண்ணா. ஆடி ரெண்டாம் தேதியே தொறந்துட்டேன்.

பிரேம்நாத்: அடக் கடவுளே. அம்மா அவ்ளோ அடிச்சுப் பேசினாங்களே.

துர்காதேவி: அவங்களுக்குத் தெரியாது. தினம் காலைல கோயிலுக்குப் போவாங்க. செருப்பு சத்தம் தெருமுனை தாண்டினதும் துணியப் பிரிப்பேன். திரும்பி வர்றதுக்குள்ள அதே மாதிரி சுத்தி, அதே எடத்துல வெச்சு, மேல வெச்ச பூவக்கூட அதே பக்கமா வெப்பேன். சார்ஜர அரிசி டப்பாவுல போட்டு வெச்சேன்னா பாருங்க.

பிரேம்நாத்: சொல்லிட்டே செஞ்சிருக்கலாமே? ஒத்துக்க மாட்டாங்களா?

துர்காதேவி: போன வருஷம் ஆடியில எங்க வீட்டுக்காரரு புது வண்டி எடுத்தாரு. நாலாம் நாளே விழுந்து காலு ஒடஞ்சு, மூணு மாசம் தறியில உக்காரல. அதுலேர்ந்து அத்தைக்கு ஆடின்னாலே பயம். நானும் தொட மாட்டேன்னு சொல்லிட்டேன். எங்க தெருவுல எல்லார்கிட்டயும், எம் மருமக சொன்னா சொன்னதுதான்னு சொல்லிக்கினு இருக்காங்கண்ணா. ஆனா தொறக்காம இருந்தா இந்த டிசைன வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கவே முடியாது. முன்னூறு உருவம்... தினமும் அவங்க உள்ள வந்ததும் மூஞ்சியப் பாக்காம அடுப்பாண்ட போயிடுவேன்.

பிரேம்நாத்: தோ, வந்திருச்சு நம்பரு. எட்டாயிரத்து இருநூத்தி இருபத்தாறு.

துர்காதேவி: எண்பத்தாறு மணி நேரமா?

பிரேம்நாத்: நாள் தவறாம ஒழைச்சிருக்கீங்க. இப்ப நான் என்னாம்மா பண்றது? உண்மைய சொன்னா உங்க வண்டவாளம் வெளிய வரும். பொய் சொன்னா எம் போர்டு போவும்.

துர்காதேவி: உங்க போர்டு வேணாம். வேற எதுனா சொல்லுங்க. நம்பரே தெரியல, அழிஞ்சு போச்சுன்னு...

பிரேம்நாத்: இப்பதான அழியாதுன்னு சொன்னேன். பேசாம இருங்க, படி ஏறுறாங்க.

பொன்னியம்மாள்: என்னாப்பா... பாத்துட்டியா?

பிரேம்நாத்: பாத்துட்டேம்மா.

பொன்னியம்மாள்: என்னா சொல்லுது?

பிரேம்நாத்: எட்டாயிரத்து நூத்தி நாப்பத்தஞ்சு. நேத்து ஓடின அஞ்சு மணி நேரம்தான் கூட. நீங்க சொன்னதுதாம்மா சரி. ஆடியில யாரும் தொடல. போர்ட சும்மாவே மாத்தித் தரேன், நாளைக்கு மத்தியானம் வந்து வாங்கிக்குங்க.

பொன்னியம்மாள்: அஞ்சு மணி நேரமா?

பிரேம்நாத்: அஞ்சுதான்.

பொன்னியம்மாள்: இல்லப்பா. இருக்காது.

பிரேம்நாத்: ஏம்மா... மிஷின் சொல்றதுக்கு...

பொன்னியம்மாள்: மிஷின் அப்படி சொல்லியிருக்காது, நீதான் சொல்ற. என்னமோ எரக்கப்பட்டு சொல்ற, புரியுது. நான் வாயால சொன்னது ஒரு பொய்யி. அதுக்கு மேல நீ ஒண்ணு சேத்து, உன் கையிலேர்ந்து போர்டயும் குடுக்கப் பாக்கறியே. கீழ எறங்கிப் போனதுலேர்ந்து மனசே சரியில்ல. துட்டு வாங்கிக்கினே மாத்துப்பா. ஆனா நாளைக்குள்ள மாத்திடு.

துர்காதேவி: நீங்க என்னா அத்தே பொய் சொன்னீங்க? நான்தான்... நான் உங்ககிட்ட...

பொன்னியம்மாள்: நேத்துதான் தொறந்தான்னு சொன்னேன் பாரு, அதான். காமாட்சி கோயிலுக்குப் போயி வர எனக்கு ஒரு மணி நேரம் போதும்டி. நான் வீட்டுல இருந்தா வேணாம்னு தடுக்கணும், தடுத்தா உன் வேலை கெட்டுப்போவும். அதான் ஆடி மாசம் பூரா, தினம் மூணு மணி நேரம், அங்கயே தூணுல சாஞ்சு உக்காந்துக்கினு இருந்தேன்.