முப்பத்தொன்றாவது பிளாப்பி

தட்டச்சில் தொடங்கிக் கணினி அறையைத் தனியொருவராய்த் தாங்கிய தகைமையே! துடியலூர் ஆலை அலுவலகத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் ஓயாது உழைத்த உத்தமியே! எண்ணில் பிழை பொறாத எங்கள் ராமாமணி அம்மையாரே, வணக்கம்!

இத்தகைய வாழ்த்து மடலைப் பணி ஓய்வு பெற்று விடைபெறுவோர் முகம் பார்த்துப் படிப்பதே முறை. நாங்கள் அவையைப் பார்த்துப் படிக்கிறோம். முன்வரிசையில் அம்மாவுக்குப் போடும் மாலையோடு அமர்ந்திருக்கும் மேலாளர் சென்னகேசவன் அவர்கள் காதிலும் இது விழ வேண்டும். எங்களுக்கு ஆத்திரம்தான், மறைப்பானேன்!

அவையோரே! இந்த ஆண்டு, 1997 தை மாதத்தில், பழைய கணினியை அழித்துவிட்டுப் புதியது வாங்க முடிவாயிற்று. தொழிலாளர் அனைவரின் பணிப் பதிவும் அதற்குள் இருந்தது. பழைய பேரேடுகளை எப்போதோ எடைக்குப் போட்டாயிற்று. அழிக்குமுன் பதிவைப் பிளாப்பி வட்டுகளில் நகலெடுக்க வேண்டும். பதிவு நாற்பத்து மூன்று எம்.பி. என்றது திரை, பிளாப்பி ஒன்று 1.44 எம்.பி. கொள்ளும் என்றது அவை வந்த அட்டைப்பெட்டி. மேலாளர் வகுத்தார், முப்பது பிளாப்பி போதும் என்றார். ராமாமணி அம்மா முப்பத்தொன்று கேட்டார்.

"திரையில காட்டற எம்.பி.க்கு ஆயிரத்து இருபத்திநாலு கே.பி.ங்க. நாப்பத்தி மூணுக்கு நாப்பத்தி நாலாயிரத்து முப்பத்திரண்டு வருதுங்க. பிளாப்பி ஒன்னுக்கு ஆயிரத்து நானூத்தி நாப்பதுதானுங்க. முப்பதுல எண்ணூத்தி முப்பத்திரண்டு கே.பி. வெளிய நிக்குமுங்க."

"ஏனுங்கம்மா, ஆயிரம்னா ஆயிரந்தானுங்களே! அந்த இருபத்திநாலு உங்க ஊட்டுல இருந்து வந்துச்சுங்களா?" என்றார் மேலாளர்.

அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களும் இன்று வெட்கத்தோடு இதில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு முகம் எரிந்தது. ஆனால் அவர் நினைவெல்லாம் பதிவின் வால்பகுதியில் இருந்தது. அங்கே இருந்தவை நூல் சுற்றும் ரீலிங் பிரிவுப் பெண்கள் நூற்று நாற்பத்திரண்டு பேரின் பெயர்கள். அவை அழிந்தால், அவர்கள் இத்தனை வருடம் இந்த ஆலையில் நின்று தேய்ந்ததற்குச் சாட்சி ஏது? அன்று மாலையே கணபதி நிறுத்தத்தில் பேருந்தைவிட்டு இறங்கி, கடையில் ஒரு பிளாப்பி வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் முப்பதும் நிரம்பின. இன்னொன்று போடு என்றது கணினி. "போதுமுங்க, அழிச்சுப்போடுங்க" என்றார் மேலாளர். அம்மா கைப்பையைத் திறந்தார். முப்பத்தொன்றாவது உள்ளே போனது, பெயர்கள் பிழைத்தன.

பரிசு என்ன தெரியுமா? அலுவலகக் கணினியில் சொந்தப் பிளாப்பியை நுழைத்த ஒழுங்கீனத்துக்கு மெமோ! அதே பிளாப்பியை வைத்துத்தான் புதுக் கணினியில் ரீலிங் பிரிவை ஏற்றினீர்கள், ஐயா! அப்போது ஒழுங்கு எங்கே போயிருந்தது?

"மன்னிப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, கிழிச்சுப் போட்டர்றேன்" என்று மேலாளர் அம்மாவை நான்கு முறை கூப்பிட்டுச் சொன்னார்.

"நான் தப்பே பண்ணலீங்க. எதுக்குங்க எழுதோணும்?" என்று நான்கு முறையும் அம்மா எழுந்து வந்துவிட்டார். அறைக்கு வந்தபின் அழுதார் என்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்த மெமோ இன்றும் அவர் கோப்பில் இருக்கிறது. இருபத்தெட்டு ஆண்டுக்கு ஒரே கறை, அதுவும் சரியாகக் கணக்குப் போட்டதற்காக!

அம்மா, இப்போது தங்கள் முகம் பார்க்கிறோம். நோயின்றி, நொடியின்றி, நிமிர்ந்த தலையோடு நீடூழி வாழுங்கள்! இம்மடலின் ஒரு படி சட்டமிட்டுத் தங்கள் இல்லத்துக்கு வருகிறது. இன்னொரு படி மேலாளர் மேசைக்கு. மாலை போடுமுன் அந்த மெமோவை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் இதைக் கோக்க வேண்டும். அதுவரை நாங்கள் யாரும் உட்காரப் போவதில்லை.

இப்படிக்கு,
எழுந்து நிற்கும் அலுவலக ஊழியர்கள்,
முப்பத்தொன்றாவது பிளாப்பியில் இருந்த நூற்று நாற்பத்திரண்டு பேர்.