தொடையில் மூன்று தட்டு

– ‘இருந்தவர்கள்: மறைந்த குருவின் அக்கா, சன்னலோரக் கட்டிலில். குருவின் வரலாற்றை எழுதும் நான், எதிரே முக்காலியில். சபைச் செயலாளர், கதவோர நாற்காலியில்.’ சரிதானே சார்?

– என் வரியை அடிச்சிடுங்க மேடம். நான் தலைவர் சொன்னதைச் சொல்ல வந்தவன். சாட்சி இல்ல.

– உட்கார்ந்துக்கிட்டே இல்லைங்கறீங்களே தம்பி! சரி, அடிச்சிடும்மா.

– அடிச்சாச்சு. தலைவர் என்ன சொன்னார் சார்?

– அஞ்சாவது அத்தியாயம் போகணும். இல்லேன்னா புத்தகமே கோர்ட்டுக்குப் போகும்.

– அதுல அப்படி என்னம்மா எழுதியிருக்கே?

– நீங்க சொன்னதுதாம்மா. குருவுக்குச் சின்ன வயசுல திக்குவாய்னு.

– உள்ளதுதானே! ஆஜர் எடுக்கும்போது இவனுக்கு ‘உள்ளேன் ஐயா’ வாயை விட்டு வர்றதுக்குள்ள வாத்தியார் ஆப்சென்ட் போட்டுடுவார். முன்பெஞ்சுல உட்கார்ந்த பிள்ளை, வராத பிள்ளை! அழுதுக்கிட்டு வந்தான். ‘தொடையில மூணு தட்டு தட்டுடா, மூணாவதுல வார்த்தை வந்து விழும்’னு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

– அம்மா, அந்த மூணு தட்டு உடல், மனம், உயிர். லட்சம் பேர் அதைத் தட்டிட்டுத்தான் பிரார்த்தனையே ஆரம்பிக்கிறாங்க.

– தட்டட்டுமே, யார் வேணாம்னா? உடலும் உயிரும் நீங்க அப்புறமா ஒட்டவெச்சது. தட்டு எங்க வீட்டுது.

– குருவுக்குக் குறை இருந்துச்சுன்னா ஜனங்க தாங்க மாட்டாங்கம்மா.

– குறையா? தன் பேரையே சொல்ல வராதவன் ஊரையே உட்காரவெச்சுப் பேசினான். அதைவிடப் பெரிய அற்புதம் உங்க சபையில இருந்தா எடுத்து வையுங்க, பார்க்கலாம். நீ எழுதும்மா. ஒரு எழுத்துகூடப் போகாது.

– ‘ஐந்தாம் அத்தியாயம் அப்படியே வெளிவரும். வழக்கு வந்தால் சந்திப்போம்.’ கையெழுத்துப் போடுங்கம்மா, பதிப்பாளருக்கு அனுப்பிடலாம்.

– கொடு. இந்தா, போட்டாச்சு. உறையை ஒட்டணும், பசை எங்கே?

– மே... மே... ஒ... ஒட்...

– என்ன சார்?

– அவசரப்படுத்தாதே. தட்டுங்க தம்பி. நல்லா தட்டுங்க, வரும்.

– ஒட்டாதீங்க மேடம். அடிச்ச வரியைத் திரும்ப எழுதுங்க. கதவோர நாற்காலி, உள்ளேன். சாட்சின்னே போடுங்க.

– உங்க வேலை போயிடும் சார்!

– போகட்டும். போட்டாச்சா? கொடுங்க. நானே ஒட்டி, நானே தபால்ல சேர்த்துடறேன்.

– தம்பி, போறதுக்கு முன்னாடி ஒண்ணு. இந்தத் தட்டு உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

– குருதாம்மா. ‘எங்க அக்கா சொன்னது, உனக்கும் பலிக்கும்’னார்.